வடிகட்ட இயலா மருந்து

காய்ச்சலுக்கு நாம் வாங்கும் மாத்திரையில் எவர் பெயரும் எழுதியிருப்பதில்லை. ஒரே தொகுதியில் பல இலட்சம் மாத்திரைகள் பிறக்கின்றன. ஒன்று மதுரைக்குப் போகும், ஒன்று மணிப்பூருக்குப் போகும். யார் விழுங்கினாலும் அது செய்யும் வேலை ஒன்றே. தொகுதியில் பழுது கண்டால் முழுவதையும் கொட்டிவிட்டு மறுநாள் வேறொன்றைத் தொடங்கலாம். நோயாளியின் சொந்த உயிரணுக்களையே மருந்தாக்கும் உயிரணு மருத்துவத்தில் இந்த ஏற்பாடு அப்படியே தலைகீழாகிறது. அங்கே மருந்து என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஞெகிழிப் பை. பையின்மேல் ஒரு பெயர்க்குறி. உள்ளே மங்கலான நீர்மத்தில் கோடிக்கணக்கான உயிரணுக்கள். அவை அந்தப் பெயருக்கு உரியவரின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டவை. அவருடைய நாளத்துக்கே திரும்ப வேண்டியவை. நூறு பேருக்கு மருந்து வேண்டுமானால் நூறு தொகுதிகளை நூறு முறை தொடங்கி நூறு முறை முடித்தாக வேண்டும். பெரிய கொப்பரையில் ஒருசேரக் காய்ச்சி ஊற்றும் வழி இங்கே இல்லை.

இவ்வகை மருத்துவங்களுள் இன்று முன்னிற்பது கார்-டி எனப்படும் முறை. நம் வெள்ளணுக்களுள் டி உயிரணு என்பது ஒரு வகை. தீநுண்மி புகுந்த உயிரணுக்களைத் தேடிக் கொல்வது அதன் தொழில். புற்றணுக்களோ பல வேளைகளில் அதன் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. ஆகவே நோயாளியின் டி உயிரணுக்களை வெளியே எடுத்து, தீங்கு நீக்கப்பட்ட ஒரு தீநுண்மியின் துணையால் அவற்றுக்குள் புதிய மரபணு ஒன்றைச் செலுத்துகிறார்கள். அம்மரபணுவின் கட்டளைப்படி உயிரணுவின் மேற்பரப்பில் செயற்கை ஏற்பி ஒன்று முளைக்கிறது. குருதிப்புற்றணுவின் மேலுள்ள சிடி19 என்னும் புரதத்தை அந்த ஏற்பி பற்றிக்கொள்ளும். பற்றியதும் டி உயிரணு தன் பழைய தொழிலைச் செய்து முடிக்கும். கேட்பதற்கு எளிதாக இருக்கிற இந்தக் கதையின் நடுப்பகுதி, அதாவது குருதி வெளியே வந்ததற்கும் திரும்பிச் செல்வதற்கும் இடையிலுள்ள நாட்கள், முழுக்க முழுக்கக் கைகளின் பொறுப்பில் நடக்கிறது.

ஏன் கைகளின் பொறுப்பு என்பதை ஓர் எளிய அளவைக் கொண்டே விளக்கிவிடலாம். ஊசிவழி செலுத்தும் பல மருந்துகளைக் கடைசியில் 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்துவார்கள். பாக்டீரியா அதைவிடப் பெரியது, வடிகட்டியில் தங்கிவிடும். மருந்து மட்டும் இறங்கும். சில மருந்துகளைப் புட்டியோடு நீராவியில் வேகவைப்பதும் உண்டு. டி உயிரணுவோ பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு பெரியது. ஏழெட்டு மைக்ரான் குறுக்களவு உடையது. பாக்டீரியாவைத் தடுக்கும் எந்த வடிகட்டியும் மருந்தையே தடுத்துவிடும். வேகவைத்தால் மருந்து செத்துவிடும். கதிர்வீச்சும் உதவாது. கிருமி உள்ளே போன பின் அதை வெளியேற்ற வழியே கிடையாது. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதை உள்ளே விடாதிருப்பது ஒன்றே வழி. மருந்து செய்யும் அறைக்குள் கிருமி எங்கிருந்து வரும்? காற்றை வடிகட்டிவிடலாம், சுவரைக் கழுவிவிடலாம். நடமாடும் மனிதரின் தோலும் மூச்சும்தான் எஞ்சி நிற்கும் பேரூற்று. மருந்தைச் செய்பவரே அதன் காவலர். அவரே அதற்கு முதல் இடர். இவ்விரண்டையும் ஒரே உடலில் சுமந்துகொண்டு வேலை செய்யக் கற்றுத் தருவதுதான் இத்தொழிலின் பயிற்சி.

இக்கதைக்கு ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு, மாற்றியமைத்த அவளுடைய டி உயிரணுக்களையே செலுத்தினார்கள். குருதிப்புற்று இருமுறை திரும்பி வந்து, எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நிலை. செலுத்திய உயிரணுக்கள் பெருகிப் போரிடத் தொடங்கியதும் காய்ச்சல் கொதித்தது. சிறுமி தீவிர மருத்துவப் பிரிவில் மூச்சுப்பொறியில் கிடந்தாள். மூட்டழற்சிக்கு வழங்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தை மருத்துவர்கள் துணிந்து கொடுத்தார்கள். கொதிப்பு அடங்கியது. அவள் கண்விழித்தது தன் ஏழாம் பிறந்தநாளில். அவளுக்குக் கொடுத்த உயிரணுக்களைச் செய்தது மருந்து ஆலை அன்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் புரூசு லெவின் நடத்திவந்த சிறிய உற்பத்திக்கூடம். கார்ல் ஜூனும் அவர் குழுவினரும் பல்லாண்டுகளாகச் செப்பனிட்ட முறையை, அதை அங்குலம் அங்குலமாக அறிந்த சிலரே தம் கையால் செய்து தந்தார்கள்.

அவ்வாண்டே நோவார்டிசு நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு கைகோத்தது. நியூ ஜெர்சியின் மாரிசு பிளெயின்சில் டென்ட்ரியான் நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. ஆண்மைச்சுரப்பிப் புற்றுக்கு நோயாளியின் உயிரணுக்களைக் கொண்டே மருந்து செய்து, 2010இல் இசைவு பெற்ற நிறுவனம் அது. அந்த ஆலையை நோவார்டிசு விலைக்கு வாங்கியது. 2017 ஆகஸ்டு 30 அன்று கிம்ரியா என்னும் பெயரில் கார்-டி மருந்துக்கு அமெரிக்க அரசின் இசைவு கிடைத்தது. அன்றைய விலை 4,75,000 டாலர். கண்டுபிடித்தவர்கள் ஒரு கூடத்தில் அடங்குவார்கள். இனி செய்ய வேண்டியவர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அந்த ஆட்களைப் பட்டமளிப்பு மேடையிலிருந்து நேரே அழைத்துக்கொள்ள முடியவில்லை. இப்படியொரு தொழில் இருப்பதையே பெரும்பாலான கல்லூரிகள் அதுவரை பாடமாக வைக்கவில்லை.

உயிரணு வளர்ப்பின் பழைய வரலாற்றைப் புரட்டினால், கையின் பிழை அறிவையே எவ்வளவு காலம் ஏமாற்ற வல்லது என்பது தெரியும். அலெக்சிசு கேரல் என்னும் நோபல் பரிசு பெற்ற அறுவை மருத்துவர் 1912இல் கோழிக்கருவின் இதயத்திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார். அவர் இறந்த பின்னும் அது வளர்ந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் வளர்ந்தது. உயிரணுவுக்குச் சாவே இல்லை என்று உலகம் நம்பியது. 1961இல் பிலடெல்பியாவின் விசுடார் ஆய்வு நிறுவனத்தில் லியோனார்டு ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும், மனித உயிரணு ஏறத்தாழ ஐம்பது முறை பிளந்தபின் நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் கோழி உயிரணு எப்படி வாழ்ந்தது? வளர்ப்பு நீர்மத்தில் சேர்த்துவந்த கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன என்பதே பின்னாளில் பலரும் ஏற்ற விளக்கம். ஊட்டிய கையே அறியாமல் விதைத்தும் வந்தது.

இன்னொன்று. 1951இல் ஹென்ரியெட்டா லேக்சு என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றிலிருந்து, அவரது ஒப்புதலைக் கேளாமலே எடுத்து வளர்த்த ஹீலா உயிரணுக்கள் உலகமெங்கும் பரவின. தனித்தனி உறுப்புகளிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட வேறு பல உயிரணு வரிசைகளும் உண்மையில் ஹீலாவே என்று 1966இல் சுடான்லி கார்ட்லர் காட்டியபோது, கேட்டோர் அதிர்ந்தனர். ஒரு சொட்டு, கழுவாத ஒரு குழல், கலத்தில் மாறி ஒட்டிய ஒரு குறிப்பு, இவ்வளவே போதுமாயிருந்தது. ஆய்வகத்தில் நேர்ந்ததால் அங்கே வீணானவை ஆண்டுகளும் பணமும். அதே மாற்றம் நோயாளிக்குரிய பையில் நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

எண்ணிப் பார்க்கவும் வேண்டியதில்லை. 2018இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டார்கள். அவருடைய டி உயிரணுக்களைச் சேகரித்தபோது அவற்றோடு வந்த புற்றணுக்களுள் ஒன்றேயொன்றுக்குள்ளும் அந்தப் புதிய மரபணு புகுந்துவிட்டது. அதன் மேற்பரப்பில் முளைத்த ஏற்பி அதனுடைய சிடி19 புரதத்தையே பற்றி மூடிக்கொண்டது. இலக்கு மறைந்தது, கொல்ல வந்த உயிரணுக்களால் அதைக் காண முடியவில்லை. ஏறத்தாழ ஒன்பது திங்களுக்குப் பின் நோய் திரும்பியது, நோயாளி இறந்தார். இதில் எவரையும் குற்றம் சொல்ல இடமில்லை. அன்றைய முறையின் எல்லை அது. ஆனால் கோடிக்கணக்கில் ஒன்று என்பது இத்தொழிலில் புறக்கணிக்கத்தக்க எண் அன்று என்பதைப் பயிற்சிக்கு வருவோர் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் முதற்பாடம் ஆடை உடுத்துவது. அறியாதவர்க்கு இது எளிய செயலாகத் தோன்றும். தூய அறைக்கு முன்னுள்ள சிற்றறையின் குறுக்கே ஒரு பலகை கிடக்கும். பலகைக்கு இப்புறம் வெளியுலகம். அப்புறம் தூய உலகம். கைகழுவி, தலையுறையும் முகக்கவசமும் அணிந்து, உடலை மூடும் முழு அங்கியை எடுக்க வேண்டும். அதை உதறக் கூடாது. கால்பகுதியையும் கைப்பகுதியையும் சுருட்டிப் பிடித்துக்கொண்டே காலை நுழைக்க வேண்டும். துணியின் எந்த ஓரமும் தரையைத் தொடலாகாது. ஒரு காலுக்கு உறையிட்டதும் அந்தக் காலைப் பலகைக்கு அப்பால் வைக்க வேண்டும், பிறகு மற்றது. கையுறையின் விளிம்பு அங்கியின் மணிக்கட்டை மூடி ஏற வேண்டும். உடுத்தி முடிந்ததும் விரல்நுனிகளையும் முன்கையையும் மார்பையும் நெற்றிப்பகுதியையும் வளர்ப்புக்கூழ் நிரப்பிய தட்டுகளில் ஒற்றுவார்கள். தட்டுகளை வெதுவெதுப்பில் சில நாள் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாது ஒட்டியிருந்தவை புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். தொடர்ந்து மூன்று முறை தேறினால்தான் உள்ளே செல்ல உரிமை. பட்டம் பல பெற்றவரும் இரண்டாம் முறையில் தவறிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது உண்டு.

இரண்டாம் பாடம் காற்று. வேலை நடக்கும் பெட்டகத்தில், மேலிருந்து வடிகட்டிய காற்று நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் விரைவில் ஒரே சீராக இறங்குகிறது. வடிகட்டியை விட்டு வந்து வேறெதன்மேலும் படாத அந்தக் காற்றை முதற்காற்று என்பர். திறந்த புட்டியின் வாய்க்கும் அந்தக் காற்றுக்கும் நடுவே கை வரக்கூடாது. இவ்விதியைப் பத்து முறை எழுத வைப்பதைவிடப் புகையைக் காட்டுவது மேல். நல்ல பயிற்றுநர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பெட்டகத்தின் மேற்புறத்தில் வெண்புகையை விடுவார்கள். அது வெள்ளைத் திரைபோல நேராக இறங்கும். பயிலும் ஒருவர் வழக்கமான விரைவில் கையை நீட்டி ஒரு குழலை எடுப்பார். திரை கிழியும்; சுழலும்; கையுறையின் புறத்தே உரசி வழிந்து, திறந்த புட்டியின் வாய்க்குள் இறங்கும். பிறகு அதே செயலை மெல்லச் செய்யச் சொல்வார்கள். திரை விலகி வழிவிட்டு மீண்டும் கூடும். அதன்பின் அவர் கை தானாகவே நிதானம் கொள்ளும். நீரில் நடப்பவர்போல் நகரக் கற்றுக்கொண்ட பின்னரே அந்தக் கையில் ஒரு பையைக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்: குழாய் இணைப்பு. பையிலிருந்து பைக்கு நீர்மத்தை மாற்ற மூடியைத் திறப்பதில்லை. இரு பைகளின் மெல்லிய குழாய்களையும் ஒரு சிறு பொறியின் பள்ளங்களில் படுக்க வைப்பார்கள். சூடேறிய தகடொன்று இரண்டையும் ஒருங்கே அறுக்கும். அறுபட்ட முனைகள் சூட்டோடு நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்று உள்ளே புகாமல் இரு குழாய் ஒரு குழாயாகிறது. ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் பார்த்து, மெல்ல இழுத்து, விரலிடையே உருட்டி உள்வழியைத் திறக்க வேண்டும். முனைகள் ஒரு மயிரிழை விலகி ஒட்டியிருந்தாலும் அதை ஏற்கக் கூடாது. அடைத்து, அறுத்து, மறுபடி இணைக்க வேண்டும். பையோடு வந்த குழாயின் நீளமோ அளவானது. ஒவ்வொரு மறுமுயற்சியும் சில சென்டிமீட்டரை விழுங்கிவிடும். நான்கைந்து முறை தவறினால் இணைக்கக் குழாயே இராது. பைக்குள் ஒரு மனிதரின் உயிரணுக்கள் இருக்கும். பயிற்சிக்காலத்தில் வண்ணநீர் நிரப்பிய பைகளைக்கொண்டு இதை நூறு முறை செய்தவர் கைக்கு, அந்த நாளில் நடுக்கம் வராது.

இவ்வாறே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை. காந்த மணிகளைக்கொண்டு டி உயிரணுக்களைப் பிரிப்பது, அவற்றைத் தூண்டி எழுப்புவது, மரபணுவைச் செலுத்துவது, ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாள் வரை வளர்ப்பது, கழுவி உறைய வைப்பது. உயிரணுவுக்கு ஞாயிறும் பொங்கலும் கிடையாது. ஐந்தாம் நாள் ஊட்ட வேண்டியது ஐந்தாம் நாளே ஊட்டப்பட வேண்டும். உறையவைக்கும்போது சேர்க்கும் டிஎம்எஸ்ஓ என்னும் காப்புநீர்மம் குளிரில் உயிரணுவைக் காக்கும். அறைவெப்பத்திலோ மெல்லக் கொல்லும். ஆகவே அதைச் சேர்த்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தே வேலை. பிறகு மணித்துளிக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குளிர்வித்து, நீர்ம நைட்ரசனின் ஆவியில், சுழியத்துக்கு 150 பாகைக்கும் கீழே வைத்துக் காப்பார்கள்.

கையின் பயிற்சியைவிட அரிதான பயிற்சி ஒன்று உண்டு. அது எழுதுவது. தொகுதிப் பதிவேட்டில் ஒவ்வொரு செயலையும் செய்த அக்கணமே எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது குற்றம். செய்தவர் ஒரு கையொப்பம், உடனிருந்து பார்த்தவர் ஒரு கையொப்பம். பிழையாக எழுதினால் அழிக்கக் கூடாது, வெண்மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடிட்டு, பழைய எழுத்து படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரெழுத்தும் நாளும் காரணமும் இட வேண்டும். பள்ளியில் அடித்தல் திருத்தல் இல்லாத தாளுக்கு மதிப்பெண் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது பெரிய மனமாற்றம். இங்கே திருத்தம் இழுக்கு அன்று, மறைப்பதே இழுக்கு.

இத்தொழிலைப் பற்றி நான் படித்தவற்றுள் நெடுநாள் மனத்தை விட்டு அகலாதது இந்த இடமே. ஒருவர் கையுறையின் நுனி, இணைப்பின் வாயில் ஒரு நொடி பட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறையில் வேறெவரும் பார்க்கவில்லை. கிருமியின்மையைக் காட்டும் வழக்கமான சோதனை முடிய 14 நாள் ஆகும். அவசரத்தில் இருக்கும் நோயாளிக்கு அதற்கு முன்பே மருந்து செலுத்தப்படவும் கூடும். அவரோ, புதிய உயிரணுக்களுக்கு இடம் கொடுப்பதற்காகத் தன் எதிர்ப்பாற்றலை மருந்தால் இறக்கிவைத்துக்கொண்டு காத்திருப்பவர். அந்த அறையில் கை பட்டதை அறிந்தவர் ஒருவர்தான். அவர் உடனே வாய்திறந்து சொன்னால் தீர்வுக்கு வழி இருக்கிறது. சொல்வாரா என்பது அவருடைய நற்பண்பை மட்டும் பொறுத்ததன்று. முன்பு ஒருமுறை வேறொருவர் சொன்னபோது மேலாளர் முகம் எப்படி இருந்தது என்பதையும் பொறுத்தது. தவறைச் சொன்னவரைத் திட்டி அனுப்பும் ஆலையில் எவ்வளவு விலையுயர்ந்த பொறி இருந்தாலும் அந்த மருந்தை என்னால் நம்ப முடியாது. பயிற்சி பெறவேண்டியவர்கள் பட்டியலில் மேலாளர்களும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாரைத் தேர்ந்து பயிற்றுவது? தொடக்கத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர்களே இவ்வேலையைச் செய்தார்கள், வேறு ஆளில்லை. ஆனால் ஆய்வாளரின் உள்ளம் ஒன்றை மாற்றிப் பார்த்தால் என்ன நிகழும் என்று கேட்டுக்கொண்டே இருப்பது. அதுதான் அவர் பெருமை. உற்பத்திக்கூடத்துக்கு வேண்டியவரோ நேற்றுச் செய்ததை இன்றும் அணுவளவு மாறாமல் செய்து, மாறியது எதுவானாலும் கண்டு சொல்பவர். இவ்வேறுபாட்டைப் பிலடெல்பியா முன்னரே கண்டுகொண்டது. ஹேஃபிளிக் பணியாற்றிய அதே விசுடார் நிறுவனத்தில், வெறிநாய்க்கடி நோயின் தீநுண்மியை ஆராய்ந்துவந்த வில்லியம் வுன்னர், 2000ஆம் ஆண்டில் பிலடெல்பியா சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு பயிற்சித்திட்டத்தைத் தொடங்கினார். ஈராண்டுப் பட்டயம் படிக்கும் மாணவர்கள் கோடைக்காலத்தில் ஆய்வகத்துக்கு வந்து, உண்மையான ஆய்வாளர்களோடு நின்று, உயிரணு வளர்ப்பைக் கையால் கற்றார்கள். கார்-டி மருந்து கடைக்கு வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு இது. எந்த மருந்துக்கு என்று தெரியாமலே கைகளைப் பழக்கிவைத்தது அந்த ஊர். உயிரணு மருத்துவம் அங்கே வேரூன்றியதற்குப் பெரும் பேராசிரியர்களை மட்டும் காரணமாகச் சொல்வோர் இதை மறந்துவிடக் கூடாது.

பிரித்தானியர் வேறு வழியில் சென்றனர். உயிரணு, மரபணு மருத்துவத்தை வளர்க்க 2012இல் அரசின் துணையோடு கேட்டபல்ட் என்னும் அமைப்பை நிறுவினர். அதன் உற்பத்தி மையம் 2018இல் சுடீவனேசு நகரில் திறக்கப்பட்டது. அவ்வாண்டே தொழிற்பயிலுநர் திட்டமும் தொடங்கியது. பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் சம்பளம் பெற்றுக்கொண்டே ஆலையில் கற்கிறார்கள். கொல்லர் பட்டறையிலும் தச்சர் பட்டறையிலும் ஆசானின் பக்கத்தில் நின்று கைவினை பழகிய பழைய முறை, மனித உயிரணுவைக் கையாளும் அறைக்குள் மீண்டும் வந்திருக்கிறது.

ஆனால் கைமட்டும் பழகினால் போதும் என்று யாரும் எண்ண வேண்டா. மாத்திரை ஆலைக்கு வரும் மூலப்பொருள் நாள்தோறும் ஒரே தன்மையது. இங்கே மூலப்பொருள் நோயுற்ற மனிதர். ஒருவருடைய டி உயிரணுக்கள் மூன்றாம் நாளே துள்ளிப் பெருகும். பல சுற்று மருந்தால் நைந்துபோன இன்னொருவருடையவை ஆறாம் நாளும் அசையாமல் கிடக்கும். கிம்ரியா விற்பனைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், உயிருள்ளவற்றின் விழுக்காடு 80 இருக்க வேண்டும் என்ற அமெரிக்க வரம்பை எட்டாமல் சில நோயாளிகளுக்குரிய தொகுதிகள் நின்றுபோயின. நீலச்சாயம் கலந்து நுண்ணோக்கியின்கீழ் எண்ணுகையில் இறந்த உயிரணு சாயத்தை உறிஞ்சி நீலமாகும்; உயிருள்ளது வெண்மையாக ஒளிரும். அந்த எண்ணிக்கையில் ஒருவர் காட்டும் நேர்மையும் கூர்மையும், ஒரு பை அனுப்பப்படுமா தடுக்கப்படுமா என்பதை முடிவுசெய்கின்றன. ஆகவே எதிர்ப்பாற்றலின் அடிப்படை, உயிரணு ஏன் பெருகுகிறது, ஏன் சோர்கிறது என்பனவற்றையும் அவர் அறிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்தவர் கண்ணுக்கே மாற்றம் தென்படும்.

பொறிகள் இந்த வேலையை ஏற்றுக்கொள்ளாவா என்று கேட்கலாம். ஏற்றுக்கொண்டுதான் வருகின்றன. செருமனியின் மில்டெனி நிறுவனம் செய்யும் புராடிஜி என்னும் பொறி, பிரிப்பது முதல் கழுவுவது வரை மூடிய குழாய்களுக்குள்ளேயே முடித்துவிடும். திறந்த புட்டி குறைந்தால் இடரும் குறையும். இது பெரிய நலம். ஆயினும் பொறியில் குழாய்த்தொகுதியை மாட்டுவது ஒரு மனிதர். பெயர்க்குறியைப் படித்து ஒப்பிடுவது ஒரு மனிதர். நள்ளிரவில் அழுத்தம் மிகுந்தது என்று பொறி அலறும்போது குழாய் மடிந்திருக்கிறதா, உயிரணு கட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்டறிவதும் ஒரு மனிதரே.

நம் நாட்டுக்கு இது தொலைவில் நடக்கும் செய்தி அன்று. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ராகுல் புர்வார் குழுவினரும் டாடா நினைவு மருத்துவமனையினரும் சேர்ந்து உருவாக்கிய நெக்சுகார்19 என்னும் மருந்துக்கு 2023 அக்டோபரில் இசைவு கிடைத்தது. மேலைநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு அது கிடைக்கிறது. பெங்களூரிலுள்ள இம்யுனீல் நிறுவனத்தின் மருந்து 2025 ஜனவரியில் வெளிவந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 2005 முதல் மூல உயிரணு ஆய்வு மையம் நடந்துவருகிறது. அலோக் சிறீவாசுதவா தலைமையில் அங்கே, குருதி உறையாமை நோயின் கடுமையான வகை கொண்ட ஐவரின் குருதி மூல உயிரணுக்களில், உறைதலுக்கு வேண்டிய எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினர். அவை உடலில் ஊன்றியபின் ஐவருக்கும் குருதிக்கசிவு நின்றது என்று 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. உலகிலேயே இவ்வகை முதல் முயற்சி அது.

விலை பத்தில் ஒன்றாகக் குறைந்ததற்குக் காரணங்கள் பல. உழைப்பின் ஊதியம் குறைவு என்பதும் அவற்றுள் ஒன்று. இந்த இடத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். ஆறு திங்கள் பயிற்றுவித்த ஒருவர், ஓராண்டில் மேலான ஊதியம் தேடி வெளிநாடு போய்விட்டால், அந்த ஆலை இழப்பது ஓர் ஆளை மட்டும் அன்று; கைகளில் தேங்கியிருந்த நினைவையும்.

தமிழ்நாட்டில் உயிர்த்தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் படித்து வெளிவரும் பலர் தூய அறையின் ஆடையை ஒருமுறைகூட உடுத்திப் பார்த்ததில்லை. வளர்ப்பு நீர்மம் விலையுயர்ந்தது, உயிரணு கிடைப்பதில்லை என்று காரணம் சொல்வார்கள். நான் மேலே சொன்ன பாடங்களை எண்ணிப் பாருங்கள். ஆடை உடுத்தப் பழக உயிரணு வேண்டா. புகைத்திரையைக் காண உயிரணு வேண்டா. குழாயை இணைக்க வண்ணநீர் போதும். பதிவேடு எழுதத் தாளும் எழுதுகோலும் போதும். இத்தொழிலின் முக்கால் பங்குப் பயிற்சியை ஒரு நோயாளியின் ஒரு சொட்டுக் குருதியும் இல்லாமல் கற்பிக்கலாம். இன்னொன்றும் சொல்வேன். நம் குருதி வங்கிகளில் நாள்தோறும் பைகளைக் கையாண்டு, குழாயை அடைத்து, பெயரையும் எண்ணையும் இருமுறை படித்து ஒப்பிடும் தொழில்நுட்பர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். பெயர்க்குறி மாறினால் ஓர் உயிர் போகும் என்பதை அவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இந்த மருத்துவத்துக்கு நாம் தேட வேண்டிய முதல் ஆட்கள் அவர்களே. அவர்களுக்கு ஒரு படிக்கட்டு அமைத்துத் தருவது அரசும் மருத்துவப் பல்கலைக்கழகமும் நினைத்தால் கைகூடும் செயல்.

பயிற்சியின் இறுதித் தேர்வுக்கும் உயிரணு வேண்டா. உயிரணு இருக்க வேண்டிய இடத்தில் பொன்னிறமான சத்துச்சாற்றை வைத்து, முதல் நாள் முதல் கடைசி நாள் வரையுள்ள எல்லாச் செயல்களையும் பயிலுநர் அப்படியே நடத்திக் காட்ட வேண்டும். ஒரு நுண்ணுயிரி தவறி விழுந்தாலும் அந்தச் சாற்றில் கொழுத்துப் பெருகும். முடிந்ததும் பைகளை 14 நாள் வெதுவெதுப்பில் வைப்பார்கள். நாள்தோறும் ஒருவர் அவற்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கலங்கினால் தோல்வி, எத்தனை பைகளுள் ஒன்று கலங்கினாலும் தோல்வியே. பதினான்காம் நாளும் சாறு தெளிந்திருந்தால் இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை. மூன்றாவதும் தெளிந்தபின், அந்தக் கையில் வைக்கப்படும் அடுத்த பையில் ஒரு பெயர் எழுதியிருக்கும்.